முட்டுக்கு முட்டுக்கொடுத்த கதை: முழங்கால் கட்டுகளும் காலணிச் செருகல்களும்

(நீண்ட பதிவு. ஓய்வாக வாசிக்க வேண்டுகிறேன்.)

இந்தியாவின் எந்த நகரத்து மருந்துக்கடையிலும் ‘நீ கேப்’ என்று கேட்டால், கடைக்காரர் அளவை மட்டும் விசாரித்துவிட்டு, இழுத்தால் நீளும் துணிக்குழல் ஒன்றை எடுத்து வைப்பார். ஆங்கிலத்தில் அச்சொல் முதன்மையாகக் குறிப்பது முழங்காற்சில்லை, அதாவது எலும்பை. நம் நாட்டிலோ அது எலும்பின்மேல் அணியும் உறைக்குப் பெயராயிற்று. இதில் தவறேதும் இல்லை. சொற்கள் இப்படித்தான் பொருள் பெயரும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு கருவிகள் அடங்கிவிட்டன. முதலாவது, வெறும் துணி உறை. இரண்டாவது, பக்கவாட்டில் கீல் வைத்த கட்டு. மூன்றாவது, முழங்காலின் ஒரு பக்கத்துச் சுமையை மறுபக்கத்துக்குத் தள்ளுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சட்டகம். மூட்டுத் தேய்மானத்துக்கு ‘பிரேஸ்’ பயனளிக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்லும்போது அவை பெரும்பாலும் பேசுவது மூன்றாவதைப் பற்றி. நாம் வாங்கி வருவதோ முதலாவதை.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தின் பரவலை 28.7 விழுக்காடு என மதிப்பிட்டது. அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். அவருக்காக வாங்கிய கட்டு சில வாரங்களில் அலமாரிக்குள் போய்விடுவதையும் நாம் அறிவோம். அதை அணிபவரின் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அக்கருவிகளின் வரலாற்றை வாசித்தால் வேறொரு விடை கிடைக்கிறது: அவை எந்தக் காலுக்காக, எந்தத் தரைக்காக, எந்த வீட்டுக்காகச் செய்யப்பட்டன என்பதில்தான் சிக்கலின் பெரும்பகுதி இருக்கிறது.

1. தேய்மானம் என்னும் சொல்

முதலில் நோயின் பெயர். ‘தேய்மானம்’ என்பது கணக்கியலிலும் வழங்கும் சொல். இயந்திரமோ வாகனமோ ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பைக் கணக்கேட்டில் தேய்மானம் என்றே எழுதுகிறோம். இந்தி பேசுவோரும் முழங்கால் ‘கிஸ் கயா’, அதாவது தேய்ந்துபோயிற்று என்றே சொல்வர். இரு மொழிகளிலும் உருவகம் ஒன்றே: மூட்டு ஓர் இயந்திர உறுப்பு, ஓட ஓடத் தேயும், தேய்ந்தது திரும்பாது.

இவ்வுருவகம் ஒரு நடத்தையையும் கற்பிக்கிறது. தேய்கிற பொருளைப் பயன்படுத்தாமல் வைத்தால்தானே நீடிக்கும்? எனவே நடையைக் குறைக்கிறோம். கட்டு போட்டு மூட்டை அசையாமல் காக்க முனைகிறோம். இன்றைய மருத்துவமோ இந்நோயை வெறும் தேய்வாகக் காண்பதில்லை. குருத்தெலும்பு, அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டுறை, சுற்றியுள்ள தசை ஆகிய அனைத்தும் பங்குகொள்ளும் ஒரு மாற்றம் அது. உயிருள்ள திசுக்கள் சேதத்துக்கு எதிர்வினையும் ஆற்றுகின்றன. அதனால்தான் உலகின் முதன்மையான வழிகாட்டு நெறிகள் அனைத்தும் ஓய்வை அன்று, உடற்பயிற்சியையே முதலிடத்தில் வைக்கின்றன. நோயின் பெயர் ஒரு திசையிலும் மருத்துவம் மறுதிசையிலும் இழுக்கின்றன. கட்டுகளின் வரலாறும் இந்த இழுபறியின் வரலாறே.

2. நிமிர்த்தும் கலை

எலும்பு முறிவுக்குக் கட்டுவது உலகெங்கும் பழமையானது. சுச்ருத சம்ஹிதை, முறிந்த உறுப்பை மரப்பட்டை, மூங்கில் முதலியவற்றாலான பத்தைகள் வைத்துக் கட்டும் முறையை விவரிக்கிறது. இன்றும் ஆந்திரத்தின் புத்தூருக்குக் கட்டுப் போடச் செல்லும் தமிழர் பலர். ஆனால் முறிந்த எலும்பு சேரும்வரை கட்டுவது வேறு. முறியாத, ஆனால் வலிக்கும் மூட்டுக்கு ஆண்டுக்கணக்கில் கருவி அணிவது வேறு. பின்னதன் சிந்தனை மரபு ஐரோப்பாவில் தெளிவாக உருக்கொண்டது.

1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி ‘ஆர்த்தோபெடி’ என்றொரு நூலை வெளியிட்டார். எலும்பு மருத்துவத்துக்கு இன்று வழங்கும் ‘ஆர்த்தோ’ என்ற பெயர் அங்கிருந்தே வந்தது. கிரேக்கத்தில் ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேரானது. ‘பைஸ்’ என்றால் குழந்தை. குழந்தைகளின் உடல் கோணலை நேராக்கும் கலை என்பதே நூலின் பொருள். அதிலுள்ள ஒரு படம் பெரும்புகழ் பெற்றது: வளைந்து வளர்ந்த இளமரம் ஒன்று நேரான கழியோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். பல நாடுகளின் எலும்பு மருத்துவச் சங்கங்கள் அம்மரத்தைத் தம் சின்னமாகக் கொண்டன. வளைந்ததை நிமிர்த்துவதே மருத்துவம் என்ற நம்பிக்கை துறையின் பெயரிலும் சின்னத்திலும் பதிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலில் பணியாற்றிய ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891), வேல்சு நாட்டு எலும்புக்கட்டு வைத்தியர்களின் வழித்தோன்றல். முறைப்படி மருத்துவம் பயின்றவர். நோயுற்ற மூட்டுக்கு முழுமையான, நீடித்த ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வடிவமைத்த காற்சட்டகம் முதல் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்த வீரர் பலரைக் காத்தது. செருப்பின் குதிப்பகுதியை ஒரு பக்கம் நீட்டிப் பாதத்தின் சாய்வை மாற்றும் ‘தாமஸ் குதி’யும் அவர் பெயரால் வழங்குவது. காலணியின் வழியாக மேலேயுள்ள உறுப்புகளின் நிலையை மாற்றலாம் என்ற எண்ணத்தின் தொடக்க வடிவங்களுள் அதுவும் ஒன்று.

அவர் மரபில் வந்த இன்னொரு சொல்லை இந்தியர் நன்கறிவர்: ‘காலிப்பர்’. இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த பதிற்றாண்டுகளில், இரும்புச் சட்டம் அணிந்த குழந்தைகளைக் காணாத ஊர் இங்கே அரிது. இச்சொல்லின் மூலத்தைச் சொல்லாய்வாளர் அரபு மொழியின் ‘காலிப்’ (அச்சு) வரையும், அதற்கப்பால் ‘மரப்பாதம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் வரையும் கொண்டுசெல்வர். அம்மரப்பாதம், செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் கால் அச்சு. கால் கருவியின் பெயர் தற்செயலாகச் செருப்புத் தொழிலாளியின் பட்டறைக்கே போய்ச் சேர்கிறது.

3. பூட்ஸ் என்னும் முன்நிபந்தனை

இந்தியாவில் இத்துறை நிறுவன வடிவம் பெற்றது போரினால்தான். இரண்டாம் உலகப்போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காக 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. 1955இல் மும்பையில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனமும், 1972இல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்தி செய்யும் அரசு நிறுவனமான அலிம்கோவும் தோன்றின.

அக்காலத்துக் காலிப்பரின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரு பக்கத்து இரும்புக் கம்பிகளின் கீழ்முனைகள், தோல் பூட்ஸின் குதியில் பொருத்திய துளைக்குழலில் செருகப்படும். பூட்ஸ் இல்லையேல் கருவி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் நாட்டில், தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டில், குந்தி அமரும் கழிவறையில், அக்கருவி அணிந்த குழந்தை ஒன்று கருவியைக் கழற்ற வேண்டும், அல்லது வீட்டு வழக்கத்திலிருந்து விலக வேண்டும். கருவியைச் செய்தவர் எவரும் இதைத் திட்டமிடவில்லை. பகல் முழுவதும் காலணியோடு, நாற்காலியில் அமர்ந்து வாழும் ஒரு சமூகத்தின் அன்றாடம் அதன் வடிவத்துக்குள் சொல்லாமலே புகுந்திருந்தது.

4. வேலூரும் ஜெய்ப்பூரும்

இதை உணர்ந்து மாற்றிய இரு முயற்சிகள் இந்திய மண்ணில் நிகழ்ந்தன. இரண்டும் முழங்கால் தேய்மானத்துக்கானவை அல்ல. ஆயினும் நம் பொருளுக்கு இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தார். நோயே தசையை அழிக்கிறது என்று பலர் எண்ணிய காலம் அது. உணர்விழந்த பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் தாங்குவதே புண்ணுக்குக் காரணம் என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். அப்படியானால் மருந்தைவிடச் செருப்பே முதன்மையான சிகிச்சை. நுண்துளை ரப்பராலான மெத்தென்ற அடித்தளமும் அதன்கீழ் உறுதியான அடிப்பாகமும் கொண்ட செருப்பு அம்முயற்சிகளின் வழியே பரவியது. அது பூட்ஸ் அன்று. வெப்பநாட்டுக் காலுக்கேற்ற திறந்த செருப்பு. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே ‘எம்.சி.ஆர்.’. இன்று தமிழ்நாட்டுச் செருப்புக் கடைகளில் குதிவலிக்கும் நீரிழிவுக்கும் கேட்டு வாங்கப்படும் எம்.சி.ஆர். செருப்பின் பின்னால் தொழுநோயாளிகளின் பாதங்கள் இருக்கின்றன என்பதைப் பலர் அறியார்.

ஜெய்ப்பூர் கதை இன்னும் தெளிவானது. 1960களின் பிற்பகுதியில் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், முறையான கல்வி அதிகம் பெறாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து ஒரு செயற்கைப் பாதம் உருவாக்கினர். அப்போது மேலைநாடுகளில் பரவலாக இருந்த செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் அசைவு இல்லை. காலணிக்குள் வைத்து நடப்பதற்கென்றே அது அமைந்திருந்தது. அதை அணிந்தவர் சம்மணமிட இயலாது, குந்த இயலாது, சேற்று வயலில் இறங்க இயலாது. சேத்தியும் சர்மாவும் ரப்பரால் செய்த பாதம் இவற்றுக்கெல்லாம் இடம்கொடுத்தது. பார்வைக்கும் வெறுங்கால் போலவே இருந்தது. 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதைப் பெரிய அளவில் இலவசமாக வழங்கியது. 1981இல் சேத்தி மகசேசே விருது பெற்றார்.

இரு இடங்களிலும் மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றே. ‘இக்காலை எப்படி நேராக்கலாம்?’ என்று அவர்கள் தொடங்கவில்லை. ‘இம்மனிதர் நாள் முழுவதும் இக்காலால் என்னென்ன செய்கிறார்?’ என்று தொடங்கினார்கள்.

5. ஆப்பு வைத்த அடித்தளம்

இனி முழங்காலுக்கு வருவோம். நடக்கும்போது உடற்சுமையின் பெரும்பங்கு முழங்காலின் உட்பக்க அறை வழியாகவே இறங்குகிறது. எனவே தேய்மானமும் அங்கேயே மிகுதி. கால் மெல்ல வில்போல் வெளிநோக்கி வளைகிறது. பாதத்தின் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்தினால் சுமைக்கோடு வெளிப்பக்கம் நகரும், உட்பக்கம் இளைப்பாறும் என்பதே ஆப்பு வடிவச் செருகலின் தத்துவம். ஜப்பானிய மருத்துவர்களான சசாகி, யசுதா ஆகியோர் 1987இல் இத்தகைய செருகலைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டு இத்துறைக்குப் பெரும் உந்துதல் அளித்தனர். வீட்டுக்குள் காலணி அணியாத ஜப்பானிலேயே, 2001இல் தோதா என்பவர் தம் குழுவினருடன் ஆப்பைக் கணுக்காலோடு மீள்பட்டையால் கட்டும் வடிவத்தை ஆராய்ந்தார். காலணிக்குள் செருகுவதற்கு மாறாக, அது காலோடு பிணைந்தது.

ஆய்வகத்தில் தத்துவம் மெய்யாயிற்று. 5 பாகை ஆப்பு, முழங்காலை உட்பக்கமாக அழுத்தும் திருப்புவிசையைச் சுமார் 6 விழுக்காடு குறைப்பதாக 2002இல் அளந்து காட்டினர். ஆனால் விசை குறைவது வேறு, வலி குறைவது வேறு. ஆஸ்திரேலியாவில் 200 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட சோதனையில், ஆப்புச் செருகல் அணிந்தோருக்கும் சாதாரணத் தட்டைச் செருகல் அணிந்தோருக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2013இல் 12 சோதனைகளையும் அவற்றின் 885 பங்கேற்பாளர்களையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும், தட்டைச் செருகலோடு ஒப்பிடுகையில் ஆப்புக்குத் தனிப்பயன் இல்லை என்றே முடித்தது.

இதற்கிடையே 2006இல் வெளிவந்த ஒரு முடிவு இந்தியருக்கு மிகவும் சுவையானது. மூட்டுத் தேய்மானம் உள்ள 75 பேரைத் தம் வழக்கமான காலணியோடும் வெறுங்காலோடும் நடக்கவைத்து அளந்தபோது, வெறுங்கால் நடையில் அந்தத் திருப்புவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாக இருந்தது. அதாவது காலணிக்குள் ஆப்பு வைத்துப் பெற முயன்றதைப்போல் இருமடங்கு, காலணியைக் கழற்றினாலே கிடைத்தது!

‘நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று இதைப் பகிர்ந்துவிட விரையும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். வெறுங்காலைப் போன்ற தட்டையான, வளையும் காலணியையும், உறுதியான, தாங்கும் காலணியையும் 164 பேரிடம் ஆறு மாதம் ஒப்பிட்ட சோதனை 2021இல் வெளிவந்தது. நடையின்போது வலி கூடுதலாகக் குறைந்தது உறுதியான காலணி அணிந்தோருக்கே. விசைக்கணக்கு ஒன்று சொன்னது. வலி வேறொன்று சொன்னது. ஆந்திரியின் மரம் கழியோடு கட்டினால் நிமிரும். மரத்துக்கு வலி இல்லை. மனித மூட்டுக்கு நிமிர்வே நலம் என்ற இருநூற்றைம்பது ஆண்டு நம்பிக்கையின் எல்லை இங்கே தெரிகிறது.

6. கட்டின் கணக்கு

சுமையை மாற்றும் சட்டகத்தின் கதை சற்று வேறு. தொடையிலும் கெண்டையிலும் பட்டைகளால் இறுக்கி, முழங்காலருகே எதிர்த்திசையில் அழுத்தி, மூன்று புள்ளி விசையால் உட்பக்க அறைக்கு இளைப்பாறல் தருவது அது. கனடாவில் நிகழ்ந்து 1999இல் வெளிவந்த சோதனையில், உட்பக்கத் தேய்மானம் உள்ள 119 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: வழக்கமான மருத்துவம் மட்டும், அதனோடு நியோப்ரீன் உறை, அதனோடு சுமை மாற்றும் சட்டகம். ஆறு மாத முடிவில் சட்டகம் அணிந்தோர் முதலிடத்திலும், உறை அணிந்தோர் அடுத்தும், மருத்துவம் மட்டும் பெற்றோர் கடைசியிலும் இருந்தனர். துணி உறை முற்றிலும் வீண் அன்று. அதன் கதகதப்பும் பிடிப்பும் சிலருக்கு ஆறுதலும் நடையில் நம்பிக்கையும் தருகின்றன. ஆனால் அது சுமையை மாற்றுவதில்லை.

அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு நெறிகள், நடையோ மூட்டின் நிலைப்போ வலியோ போதிய அளவு பாதிக்கப்பட்டவர்க்கு முழங்கால் கட்டை உறுதியாகப் பரிந்துரைத்தன. ஆப்புச் செருகல்களை வேண்டாம் என நிபந்தனையோடு கூறின. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு நெறிகளோ, செருகலையும் கட்டையும் வழக்கமாகத் தரவேண்டியதில்லை என்றன. மூட்டு நிலையற்றிருந்தோ சுமை பிறழ்ந்தோ இருந்து, கருவியின்றிப் பயிற்சி பயன்படாது என்ற நிலையிருந்து, கருவியால் அசைவு மேம்படும் வாய்ப்பும் இருந்தால் மட்டுமே தரலாம் என்பது அவற்றின் நிலை. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் ஒரு புள்ளியில் கூடுகின்றன: கருவி பயிற்சிக்கு மாற்று அன்று, பயிற்சிக்குத் துணை.

அமெரிக்க நெறிகள் அதே உறுதியோடு பரிந்துரைத்த இன்னொரு கருவி உண்டு. கைத்தடி. விலை குறைவு, வெறுங்காலோடும் புடவையோடும் வேட்டியோடும் ஒத்துப்போகும், தரையிலிருந்து எழவும் உதவும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே கற்க வேண்டியது. முதுமையின் அடையாளம் என்று கருதி நாம் மறுப்பதும் அதைத்தான்.

7. வாசற்படியில் நிற்கும் கேள்வி

இனி அலமாரிக்குள் கிடக்கும் அந்தக் கட்டை மீண்டும் நோக்குவோம். செருகல் இயங்க மூடிய காலணி வேண்டும். நம் வீட்டுப் பெண்களின் முழங்கால் உழைப்பில் பெரும்பகுதி, செருப்பைக் கழற்றிய வாசற்படிக்கு உட்பக்கம் நிகழ்கிறது. வெளியே அணிவதும் பெரும்பாலும் திறந்த செருப்பு. அதில் செருகல் நிற்காது. கீல் வைத்த சட்டகத்தோடு சம்மணமிடுவது அரிது; குந்துவது அதனினும் அரிது. மே மாத வெயிலில் நியோப்ரீனுக்குள் தோல் புழுங்கும். புடவைக்குள் தொடைப்பட்டையை ஒருநாளில் பலமுறை அவிழ்த்து இறுக்குவது எளிதன்று. இவை எதுவும் ஆய்வகத்தின் விசைமானியில் பதிவாகா. கருவி கைவிடப்படும்போது பழி மட்டும் அணிபவர்மேல் விழுகிறது.

2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் அறுவைக்கு முந்தைய நெடிய ஆண்டுகளில், தரையில் வாழும் முழங்காலுக்கென்று ஒரு துணைக்கருவி வேண்டும் என்ற கேள்வி வேலூரும் ஜெய்ப்பூரும் கேட்ட அளவுக்கு உரக்க இங்கே கேட்கப்படவில்லை என்பதே என் கருத்து. அறிவு இல்லாததால் அன்று. வழிகாட்டும் முன்னுதாரணம் இல்லாததாலும் அன்று.

அதுவரை, கட்டு வாங்கச் செல்வோர் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ மூன்று கேள்விகள் கேட்கலாம். என் தேய்மானம் முழங்காலின் எந்தப் பக்கம்? இக்கருவி அப்பக்கத்துச் சுமையைக் குறைக்குமா, வெறும் பிடிமானம் தருமா? இதை அணிந்துகொண்டு நான் செய்யவேண்டிய பயிற்சி எது? மூன்றாவது கேள்விக்கு விடையில்லாத கட்டு, அரைச் சிகிச்சையே.

கடைசியாக ஒரு சொல். பேச்சுத் தமிழில் முழங்கால் வலியை ‘முட்டு வலி’ என்கிறோம். சாயும் சுவருக்கோ காய் கனத்த வாழைக்கோ கழி கொடுப்பதும் ‘முட்டுக்கொடுத்தல்’தான். மூட்டுக்கும் தாங்கலுக்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்திருக்கிறது. வாழைக்கு முட்டுக்கொடுப்பவர் அதை நிமிர்த்தி நேராக்க முயல்வதில்லை. அது சாய்ந்திருக்கும் வாக்கைப் பார்த்து, குலை முற்றும்வரை தாங்கும்படி கழியை நடுகிறார். நம் முழங்கால்களுக்கான கருவியைச் செய்வோரும் அந்த வாக்கைப் பார்க்கட்டும்.

(உங்கள் வீட்டில் கட்டோ செருகலோ பயன்படுத்தியவர் இருந்தால், எது உதவியது, எதனால் நிறுத்தினார் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். இவ்விடயத்தில் அணிந்தவரின் சொல்லுக்கு மிகுந்த மதிப்பு உண்டு.)